உலாவி நிரலைச் சோதிக்கும்போது போலிச் சர்வர் அமைக்கும் முறை

ஒரு நூலகத்தின் இணையப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கிறது. வாசகர் எழுத எழுத, கீழே நூல்களின் பட்டியல் வருகிறது. ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் ‘முன்பதிவு செய்’ என்று ஒரு பொத்தான் உண்டு. பக்கம் இவ்வளவுதான். ஆனால் இதன் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சோதிக்க உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு கேள்வி வழியை மறிக்கும்: சோதனை ஓடும்போது நிரல் அனுப்பும் கோரிக்கைகளுக்கு யார் பதில் சொல்வது?

உண்மையான சர்வரையே பதில் சொல்ல விடலாம் என்று முதலில் தோன்றும். அது நெடுநாள் தாங்காது. நேற்று 12 நூல்களைத் தந்த தேடல் இன்று 13 நூல்களைத் தரும். நிரலில் ஒரு குறையும் இல்லாமலே சோதனை தோற்கும். முன்பதிவைச் சோதித்தால் உண்மையிலேயே ஒரு நூல் யார் பெயரிலோ முன்பதிவாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்வர் செயலிழக்கும் நேரத்தில் பக்கம் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டுமானால், அது செயலிழக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆகவே சர்வரின் இடத்தில் ஒரு போலியை நிறுத்துகிறோம். நிறுத்துவது கடினமான வேலை அல்ல. ஆனால் அதை எந்த இடத்தில் நிறுத்துகிறோம், அது எவ்வளவு தூரம் உண்மையான வலையமைப்பைப் போல முரண்டு பிடிக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தே, அந்தச் சோதனை வழுக்களை, அதாவது நிரலில் உள்ள பிழைகளை, காட்டிக்கொடுக்குமா, எந்நாளும் ‘தேறியது’ என்று பச்சையாகவே இருந்துவிடுமா என்பது முடிவாகிறது.

போலியை எங்கே நிறுத்துவது?

நம் நிரலில் ‘நூல்தேடு’ என்று ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) இருப்பதாகக் கொள்வோம். அது தேடல் சொல்லை வாங்கி, முகவரியைக் கட்டி, சர்வரிடம் பேச உலாவி தரும் ஃபெட்ச் என்ற செயற்கூறு வழியாகக் கோரிக்கையை அனுப்பி, ஜேசன் என்ற தரவு வடிவில் வந்த பதிலைப் பிரித்து, நூல்களின் பட்டியலைத் திருப்பித் தருகிறது. போலியை இங்கே மூன்று இடங்களில் நிறுத்தலாம். ‘நூல்தேடு’ செயற்கூறையே அகற்றிவிட்டு, ஆயத்தமான பட்டியலைத் தரும் வேறொன்றை அங்கே வைக்கலாம். சோதனைகளை ஓட்டும் கருவிகளான ஜெஸ்ட், விடெஸ்ட் இரண்டிலும் ஒரு மாட்யூலையே, அதாவது ஒரு நிரல் கோப்பையே, மாற்றிவைக்கும் வசதி உண்டு. அதற்கு வெளியே ஒரு படி சென்று, உலாவி தரும் ஃபெட்சை மாற்றிவைக்கலாம். இன்னும் ஒரு படி வெளியே சென்று, நம் நிரலையோ அது ஃபெட்சை அழைக்கும் விதத்தையோ தொடாமல், கோரிக்கை வலையமைப்புக்குள் இறங்கும் வாசலிலேயே அதை மறித்துப் பதில் தரலாம்.

முதல் வழி மிக எளிது என்பதால் பலரும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். நானும் அப்படி நின்றிருக்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதே போன்ற தேடல் பக்கம் ஒன்றுக்கு நிறையச் சோதனைகள் எழுதியிருந்தோம். எல்லாம் வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்தன. ஒருநாள் ஒரு பயனர், ‘அகம் & புறம்’ என்று தேடினால் ‘அகம்’ என்ற சொல்லுக்கான முடிவுகளே வருகின்றன என்று எழுதினார். காரணம் ஒரே வரியில் இருந்தது. முகவரியைக் கட்டும்போது தேடல் சொல்லை அதன் கடைசியில் அப்படியே ஒட்டியிருந்தோம். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதியில் ‘&’ என்பது ஒரு மதிப்பு முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்டும் குறி. தமிழ் எழுத்துகளையும் இடைவெளியையும் உலாவி தானாகவே குறியேற்றிக்கொள்ளும்; ‘&’ குறியை அது தொடாது, தொடவும் கூடாது. ஆகவே சர்வர் ‘அகம்’ என்பதைத் தேடல் சொல்லாகவும், எஞ்சியதைப் பொருளற்ற இன்னொரு மதிப்பாகவும் எடுத்துக்கொண்டது. எங்கள் சோதனைகளில் ஒன்றுகூட இதைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கவும் வழியில்லை; தவறான வரி எந்தச் செயற்கூறுக்குள் இருந்ததோ, அதையே எடுத்துவிட்டுத்தான் அவை ஓடிக்கொண்டிருந்தன.

போலி எவ்வளவு வெளியே நிற்கிறதோ, அவ்வளவு நிரல் உண்மையாக ஓடும். முகவரியைக் கட்டுவது, கோரிக்கையோடு போகும் குறிப்புகளான ஹெடர்களைச் சேர்ப்பது, பதிலைப் பிரிப்பது, பிழையை இனங்காண்பது ஆகிய எல்லாம் வழுக்கள் குடியிருக்கும் இடங்கள். அவை சோதனையில் ஓட வேண்டும்.

இரண்டாம் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் உள்ள வேறுபாடு சிறிது வரலாற்றைப் பார்த்தால் தெளிவாகும். பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் சர்வரிடம் பேசுவதற்கான எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட், 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உடன் வந்தது. பல ஆண்டுகள் எல்லாரும் அதையே நம்பியிருந்தார்கள். சைனான் போன்ற சோதனை நிரலகங்களும் அதற்குத்தான் போலி செய்து கொடுத்தன. 2015இல் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஃபெட்ச் இடம்பெற்றபின், நிரலை ஃபெட்சுக்கு மாற்றியவர்கள் சோதனைகளையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. பழைய போலிக்கு ஃபெட்ச் என்று ஒன்று இருப்பதே தெரியாது. சைப்ரஸ் கருவியின் பழைய ‘ரூட்’ கட்டளைக்கும் இதே குறை இருந்தது. 2020இல் வந்த 6ஆம் பதிப்பில் ‘இன்டர்செப்ட்’ கட்டளை சேர்ந்த பிறகுதான் ஃபெட்ச் கோரிக்கைகளையும் நேராக மறிக்க முடிந்தது. கோரிக்கை எந்த வழியாக அனுப்பப்படுகிறது என்பதோடு போலியைப் பிணைத்துவிட்டால், வழி மாறும் நாளில் நிரல் சரியாக இருந்தாலும் சோதனைகள் எல்லாம் விழும். வாசலில் நிற்கும் போலிக்கு இந்தக் கவலை இல்லை.

ஃபெட்சை நேரே மாற்றுவதானால்

சிறிய திட்டம், ஒன்றிரண்டு கோரிக்கைகள் மட்டுமே என்றால் ஃபெட்சை மாற்றிவைப்பதில் தவறில்லை. ஆனால் ‘ஜேசன்’ என்ற ஒரே செயற்கூறை மட்டும் கொண்ட அரைகுறைப் பொருளைப் பதிலாகத் தரும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இன்று உலாவியிலும், உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடிலும் ‘ரெஸ்பான்ஸ்’ என்ற உண்மையான வகை இருக்கிறது. நோட் 18ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2022 முதல், ஃபெட்சும் அதைச் சார்ந்த வகைகளும் தனியாக எதையும் நிறுவாமலே கிடைக்கின்றன. அந்த உண்மையான வகையிலேயே பதிலை உருவாக்கித் தந்தால், உண்மையான பதிலின் கட்டுப்பாடுகளும் கூடவே வரும்.

அவற்றில் ஒன்றைக் கிட்ட நின்று பார்க்கலாம். ஒரு பதிலின் உடலை ஒரே முறைதான் படிக்க முடியும். இரண்டாம் முறை படிக்க முயன்றால் பிழை எழும். பலர் சோதனையின் தொடக்கத்தில் ஒரு பதிலை உருவாக்கி, ஃபெட்ச் எப்போது அழைக்கப்பட்டாலும் அதையே திருப்பித் தருமாறு அமைப்பார்கள். முதல் தேடல் சரியாக ஓடும். இரண்டாம் தேடலில், உடல் ஏற்கெனவே படிக்கப்பட்டுவிட்டது என்ற பிழை வரும். நிரலில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு மணி நேரம் தேடிக்கொண்டிருப்போம். ஒவ்வோர் அழைப்புக்கும் புதிய பதிலை உருவாக்கித் தரும்படி போலியை ஒரு செயற்கூறாக எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. அரைகுறைப் பொருளை வைத்திருந்தால் இதற்கு நேர்மாறான ஆபத்து: நிரல் உடலை இரண்டு முறை படிக்கும் வழு உண்மையிலேயே இருந்தாலும், போலி அதை மறைத்துவிடும்.

இன்னொன்று, ஃபெட்ச் எப்போது தோல்வி அடையும் என்பது. ‘கிடைக்கவில்லை’ என்னும் 404 வந்தாலும், சர்வர் பிழையைச் சொல்லும் 500 வந்தாலும், ஃபெட்ச் தரும் பிராமிஸ், அதாவது பிறகு வரப்போகும் பதிலுக்கான உறுதி, நிறைவேறத்தான் செய்யும். பதிலின் ‘ஓகே’ பண்பு மட்டும் பொய் என்று இருக்கும். இணைப்பே கிடைக்காதது, கோரிக்கை கைவிடப்படுவது போன்ற நிலைகளில்தான் பிராமிஸ் நிராகரிக்கப்படும். சர்வர் பிழையைச் சோதிக்கிறேன் என்று போலி ஃபெட்சை நிராகரிக்க வைப்பவர்கள், உண்மையில் நிகழாத ஒன்றைச் சோதிக்கிறார்கள். 500 வந்தபோது ‘ஓகே’ பண்பைப் பார்க்காமல் பட்டியலைக் காட்ட முயலும் நிரல் அந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும்.

வாசலில் ஆள் நிறுத்துவது

மூன்றாம் வழிக்கு இன்று பரவலாகப் பயன்படுவது மாக் சர்வீஸ் வொர்க்கர் என்ற நிரலகம். உலாவிக்குள் ஓடும்போது, சர்வீஸ் வொர்க்கர் என்ற உலாவியின் சொந்த வசதியைப் பயன்படுத்தி, பக்கத்திலிருந்து வெளியேறும் கோரிக்கைகளை அது மறிக்கிறது. நோடில் சர்வீஸ் வொர்க்கர் கிடையாது என்பதால், அங்கே கோரிக்கை அனுப்பும் அடிப்படை வசதிகளை இடைமறித்து அதே வேலையைச் செய்கிறது. நாம் எழுதும் கையாளிகள் இரண்டு இடத்திலும் ஒன்றேதான். சோதனைக்கு எழுதியதையே, சர்வர் இன்னும் தயாராகாத நாட்களில் பக்கத்தை உருவாக்கவும் பயன்படுத்தலாம்.

அமைக்கும் முறை இது. முதலில் கையாளிகளைத் தனிக் கோப்பில் எழுதுங்கள். ஒவ்வொரு கையாளியும் எந்த வகைக் கோரிக்கை, எந்த முகவரி என்பதையும், அதற்கு என்ன பதில் என்பதையும் சொல்லும். 2023இல் வந்த 2ஆம் பதிப்பிலிருந்து ‘ஹெச்டிடிபி’ என்ற பெயரின்கீழ் ‘கெட்’, ‘போஸ்ட்’ முதலியவை இருக்கின்றன. முன்பு இது ‘ரெஸ்ட்’ என்ற பெயரில் இருந்தது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அடுத்து, அந்தக் கையாளிகளைக் கொண்டு ‘செட்டப்சர்வர்’ மூலம் போலிச் சர்வரை உருவாக்குங்கள். எல்லாச் சோதனைகளும் தொடங்கும் முன் ‘லிசன்’, ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் ‘ரீசெட்ஹேண்ட்லர்ஸ்’, எல்லாம் முடிந்தபின் ‘குளோஸ்’ என்று மூன்று அழைப்புகளையும் பொது அமைப்புக் கோப்பில் வைத்துவிடுங்கள். நடுவில் உள்ளதை மறந்துவிட்டால், ஒரு சோதனைக்காக வைத்த 500 பிழை அடுத்த சோதனைக்கும் ஒட்டிக்கொண்டு போகும். தனியாக ஓட்டினால் தேறுகிறது, சேர்த்து ஓட்டினால் தோற்கிறது என்ற வகைக் குழப்பங்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

‘லிசன்’ அழைக்கும்போதே, கையாளி இல்லாத கோரிக்கை வந்தால் அதைப் பிழையாகக் கொள்ளுமாறு அமைத்துவிடுங்கள். இயல்பாக அது எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு, கோரிக்கையை உண்மையான வலையமைப்புக்குப் போக விட்டுவிடும். சோதனை ஓடும்போது ஏதோ ஒரு கோரிக்கை வெளியே கசிந்துகொண்டிருப்பது யாருக்கும் தெரியாமலே போகும். பிழையாக அமைத்தால் அந்தக் கோரிக்கை தோற்கும். திரையில் செய்தியும் வரும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தத் தோல்வியை நம் நிரலே பிடித்து ‘இணைப்பு இல்லை’ என்று வாசகருக்குக் காட்டக்கூடும். இணைப்பு இல்லாத நிலையைச் சோதிக்கும் இடத்தில் முகவரியைத் தவறாக எழுதிவிட்டால், சோதனை தவறான காரணத்துக்காகத் தேறிவிடும். ஆகவே தோல்வியைச் சோதிக்கும் இடங்களில், நாம் வைத்த கையாளிக்குக் கோரிக்கை வந்ததா என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ஜேஎஸ்டாம் சூழலில் ஓட்டுபவர்களுக்கு இன்னும் ஒரு தடை உண்டு. ஜேஎஸ்டாம் உலாவியின் பக்க அமைப்பைப் பாவனை செய்கிறது. ஃபெட்சை அது தருவதில்லை, விடெஸ்ட் போன்றவற்றில் கிடைப்பது நோடின் ஃபெட்ச்தான். நோடின் ஃபெட்சுக்குப் ‘பக்கம்’ என்ற ஒன்றே தெரியாது. உலாவியில் சாய்கோட்டில் தொடங்கும் சுருக்க முகவரி தாராளமாக வேலை செய்யும். நோடில் அதே முகவரி, படிக்க முடியாத முகவரி என்ற பிழையைத் தரும். அடிப்படை முகவரியை ஒரே இடத்தில் வைத்து, அதிலிருந்து முழு முகவரியைக் கட்டிக்கொள்வது இதற்கு நேரான தீர்வு.

தமிழ்ச் சொல் முகவரியில் போகும்போது

நம் எடுத்துக்காட்டில் வாசகர் ‘கல்வி’ என்று தேடுகிறார். கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் இந்தச் சொல் யூனிகோடில் ஐந்து குறிகளால் ஆனது: க, ல, புள்ளி, வ, இகரக் குறி. குறிகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்துகளாகும். ஆக ‘கல்வி’ முகவரியில் 45 எழுத்துகளாக நீண்டு போகிறது. முகவரியைச் சரமாக எடுத்து, அதில் ‘கல்வி’ இருக்கிறதா என்று கையாளிக்குள் தேடினால் கிடைக்காது. முகவரியை உரிய வகையால் பிரித்து, தேடல் மதிப்பைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். அப்போது குறிநீக்கம் தானாக நடந்துவிடும். மாக் சர்வீஸ் வொர்க்கரில் கையாளிக்குத் தரும் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்வரும் பகுதியைச் சேர்க்கவும் கூடாது. அந்தப் பகுதியைக் கையாளிக்கு உள்ளேதான் படிக்க வேண்டும். இப்படி எழுதிய கையாளியிடம் ‘அகம் & புறம்’ வழுவைக் கொண்டுபோனால் உடனே பிடிபடும்; கேட்ட சொல் வேறு, வந்த சொல் வேறு.

‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்ற எழுத்துகள் வரும் சொற்களில் இன்னும் நுட்பமான ஒரு பிழை உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் சரமாக ஒப்பிட்டால் சமமாகாது. ‘கொடி’ என்ற தேடலுக்கு எதிர்பார்த்த பதில் வரவில்லை என்றால், சோதனைக் கோப்பில் இருக்கும் ‘கொ’வும் தரவில் இருக்கும் ‘கொ’வும் ஒன்றுதானா என்று பாருங்கள். உண்மையான வாசகர்கள் பலவித விசைப்பலகைகளிலிருந்து எழுதுவதால் இரு வடிவங்களும் வரக்கூடும். ஆகவே இரண்டையும் அனுப்பி, நிரல் அவற்றை ‘நார்மலைஸ்’ மூலம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துதான் கோருகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனையைத் தமிழ்ப் பக்கங்களுக்குக் கட்டாயம் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

தோல்விகளை நடித்துக்காட்டுதல்

எல்லாம் சரியாக நடக்கும் வழியை நாமே பக்கத்தைத் திறந்து நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போலி உண்மையில் உதவுவது, நாம் கண்ணால் காண வாய்ப்பில்லாத நிலைகளில்தான். பொதுக் கையாளிகள் எல்லாம் நல்ல பதிலையே தரட்டும். குறிப்பிட்ட சோதனைக்குள் ‘யூஸ்’ என்ற அழைப்பின் மூலம் அந்தச் சோதனைக்கு மட்டும் வேறு பதிலை மேலே வைக்கலாம்.

500ஐச் சோதிக்கும்போது பெரும்பாலோர் அழகான ஒரு ஜேசன் பிழைச் செய்தியைப் பதிலாக வைக்கிறார்கள். உண்மையில் சர்வர் விழும்போது, பதில் சொல்வது பெரும்பாலும் அதற்கு முன்னால் நிற்கும் இடைநிலைச் சர்வர். அது தருவது ஹெச்டிஎம்எல் பக்கம். அதை ஜேசன் என்று நினைத்துப் பிரிக்கப் போனால் தொடரியல் பிழை எழும். வாசகருக்குத் திரையில் ஒன்றுமே வராமலோ, புரியாத ஆங்கிலச் செய்தி ஒன்று வந்தோ நிற்கும். ஆகவே இப்படி வரும் 502, 503 பிழைகளுக்கு ஹெச்டிஎம்எல் உடலையே போலியில் வையுங்கள். முன்பதிவை நீக்கும் கோரிக்கைக்குச் சர்வர், ‘முடிந்தது, அனுப்ப உள்ளடக்கம் இல்லை’ என்னும் 204 தருவதானால், உடலே இல்லாத பதிலாக வையுங்கள். வெற்று உடலை ஜேசனாகப் படிக்க முயலும் நிரல் அங்கே தோற்கும். உண்மையான ரெஸ்பான்ஸ் வகையைப் பயன்படுத்தினால் 204க்கு உடல் வைக்க அதுவே விடாது.

இணைப்பே இல்லாத நிலை வேறு. அதற்கு மாக் சர்வீஸ் வொர்க்கரில் ‘ஹெச்டிடிபிரெஸ்பான்ஸ்’ வகையின் ‘எரர்’ அழைப்பும், உண்மையான உலாவியை ஓட்டிச் சோதிக்கும் பிளேரைட் கருவியில் கோரிக்கையைக் கைவிடும் ‘அபார்ட்’ அழைப்பும் இருக்கின்றன. பூஜ்யம் என்ற நிலைக்குறியீட்டோடு பதிலை நாமே உருவாக்க முயல வேண்டாம். 200 முதல் 599 வரை உள்ள எண்களையே அந்த வகை ஏற்கும்.

எல்லாவற்றையும்விடக் குறைவாகச் சோதிக்கப்படுவது, பதில் வராமலே இருக்கும் நிலை. பிழையும் இல்லை, பதிலும் இல்லை. சுழல் குறி சுற்றிக்கொண்டே இருக்கிறது. கைப்பேசியில் பேருந்தில் போகும் வாசகர் அடிக்கடி காண்பது இதைத்தான். கையாளிக்குள் ‘டிலே’ அழைப்புக்கு ‘இன்ஃபினிட்’ என்று தந்தால் பதில் ஒருபோதும் வராது. நம் நிரல் பத்து நொடிக்குப் பின் கோரிக்கையைக் கைவிட்டு ‘மீண்டும் முயல்க’ என்று காட்ட வேண்டுமானால், சோதனைக் கருவி தரும் போலிக் கடிகாரத்தைக் கொண்டு அந்தப் பத்து நொடியை ஒரே தாவலில் கடத்தலாம். கடிகாரத்தை நகர்த்துவதற்கு, பிராமிஸ்களும் இடையிடையே நிறைவேற இடம் தரும் ஒத்திசையா வடிவத்தையே பயன்படுத்துங்கள். வெறுமனே நேரத்தை மட்டும் தள்ளினால், நடுவில் நிற்கும் பிராமிஸ்கள் அப்படியே நின்றுவிட, சோதனை காரணம் தெரியாமல் தொங்கும்.

முந்தியது பிந்தி வரும்போது

தேடல் பெட்டிகளில் நான் கண்ட வழுக்களில் மிக அதிகம் தப்பித்துப் போவது இது. வாசகர் ‘கல்’ என்று எழுதிச் சற்று நிற்கிறார். ஒரு கோரிக்கை புறப்படுகிறது. பிறகு ‘கல்வி’ என்று முடிக்கிறார். இரண்டாம் கோரிக்கை புறப்படுகிறது. ‘கல்’ என்பதற்கு நிறைய நூல்கள் இருப்பதால் சர்வர் அதைத் தேட நேரம் எடுத்துக்கொள்கிறது; ‘கல்வி’க்கான பதில் முந்திக்கொண்டு வருகிறது. பட்டியல் சரியாகத் தெரிகிறது. அரை நொடி கழித்து ‘கல்’லுக்கான பழைய பதில் வந்து, பட்டியலை அழித்துத் தன்னுடையதை எழுதிவிடுகிறது. பெட்டியில் ‘கல்வி’ என்று இருக்கிறது. கீழே சிற்பக்கலை நூல்கள் வரிசையாக நிற்கின்றன. நிரலாளரின் கணினியில் சர்வர் பக்கத்திலேயே இருப்பதால் பதில்கள் எப்போதும் வரிசையாகத்தான் வரும். அவர் இதை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்.

இதைச் சோதிக்க, ஒன்றுக்கு 500 மில்லிநொடி, மற்றதற்கு 100 மில்லிநொடி என்று தாமதம் வைப்பது பலரின் வழக்கம். அது பெரும்பாலும் வேலை செய்யும். சோதனை ஓடும் கணினி திணறும் நாளில் பொய்யாகத் தோற்கும். நேரத்தை நம்பாமல், பதிலின் கடிவாளத்தை நம் கையில் வைத்துக்கொள்வதே சரி. கையாளிக்கு வெளியே ஒரு பிராமிஸை உருவாக்கி, அதை நிறைவேற்றும் செயற்கூறை ஒரு மாறியில் பிடித்துக்கொள்ளுங்கள். ‘கல்’ என்று வந்தால் கையாளி அந்தப் பிராமிஸுக்காகக் காத்திருந்துவிட்டுப் பதில் தரட்டும். ‘கல்வி’ என்று வந்தால் உடனே தரட்டும். கோரிக்கை கையாளியை அடைந்ததும் ஒரு பட்டியலில் குறித்துவையுங்கள்.

இனி சோதனையின் வரிசை. பெட்டியில் ‘கல்’ என்று எழுத வேண்டும். அந்தக் கோரிக்கை கையாளிக்கு வந்துசேர்ந்தது என்பது பட்டியலில் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். எழுத்துகளுக்கிடையே சற்றுப் பொறுத்துக் கோரிக்கை அனுப்பும் பக்கங்களில் இந்தக் காத்திருப்பு இல்லாவிட்டால் ‘கல்’ கோரிக்கையே புறப்படாது. பிறகு ‘வி’ சேர்க்க வேண்டும். கல்வி நூல்கள் திரையில் வந்ததைப் பார்த்த பின்னரே, பிடித்துவைத்த செயற்கூறை அழைத்துப் பழைய பதிலை விடுவிக்க வேண்டும். அதன் பிறகும் திரையில் கல்வி நூல்களே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கடைசிப் படியில் ஒரு பொறி இருக்கிறது. கல்வி நூல்கள் ஏற்கெனவே திரையில் இருப்பதால், விடுவித்த அடுத்த நொடியிலேயே பார்த்தால் அவை இருக்கத்தான் செய்யும். பழைய பதில் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. வழு இருந்தாலும் சோதனை தேறிவிடும். பதில் போய்ச் சேர்ந்து நிரல் அதைக் கையாள்வதற்கு அவகாசம் தந்த பிறகே பார்க்க வேண்டும். அந்த அவகாசம் போதுமா என்று அறிய ஒரே வழி, பழைய பதிலைத் தடுக்கும் வரியை நிரலிலிருந்து வேண்டுமென்றே நீக்கிவிட்டுச் சோதனையை ஓட்டி, அது தோற்பதைக் கண்ணால் பார்ப்பது. தோற்றால் வரியைத் திரும்ப வையுங்கள். பழைய கோரிக்கையை ‘அபார்ட்கன்ட்ரோலர்’ மூலம் கைவிட்டாலும் சரி, வரிசை எண் வைத்துப் பழைய பதிலைப் புறக்கணித்தாலும் சரி, இந்தச் சோதனை மாறாமல் இரண்டுக்கும் பொருந்தும்.

எதைச் சரிபார்ப்பது?

தேடல் போன்ற படிக்கும் கோரிக்கைகளில், ஃபெட்ச் எத்தனை முறை அழைக்கப்பட்டது, எந்த ஹெடருடன் அழைக்கப்பட்டது என்றெல்லாம் சரிபார்க்க வேண்டியதில்லை. சரியான கோரிக்கைக்கே கையாளி சரியான பதிலைத் தருமாறு எழுதியிருந்தால், திரையில் சரியான நூல் வருவதே போதுமான சான்று.

முன்பதிவு போன்ற எழுதும் கோரிக்கைகளில் நிலைமை வேறு. அங்கே சர்வருக்கு என்ன போனது என்பதுதான் விளைவு. கையாளிக்குள் வந்த உடலைப் படித்து, நூலின் எண் சரியா என்று பாருங்கள். பொத்தானை விரைவாக இருமுறை அழுத்திவிட்டு, கையாளிக்கு ஒரே கோரிக்கைதான் வந்ததா என்றும் பாருங்கள். பதிலை மேலே சொன்னபடி பிடித்துவைத்துக்கொண்டு இரண்டாம் முறை அழுத்தினால்தான் இந்தச் சோதனைக்கு வலு இருக்கும். பதில் உடனே வந்துவிட்டால், இரண்டாம் அழுத்தம் முதல் முன்பதிவு முடிந்தபின் நடந்ததாகிவிடும்.

போலி பொய் சொல்லாதிருக்க

சர்வரை எழுதுபவர்கள் ‘ஆசிரியர்’ என்ற புலத்தை ‘ஆசிரியர்கள்’ என்ற பட்டியலாக மாற்றிவிட்டால், நம் போலி பழைய வடிவத்தையே தந்துகொண்டிருக்கும். சோதனைகள் தேறும், பக்கம் உடையும். இதை முழுதாகத் தடுக்கும் வழி போலிக்குள் இல்லை. தரவை மனத்திலிருந்து எழுதாமல், உண்மையான பதிலை ஒருமுறை பதிவுசெய்து, தனிநபர் விவரங்களை நீக்கி, அதிலிருந்து எடுப்பது முதற்படி. எந்தக் கோரிக்கைக்கு எந்த வடிவில் பதில் வரும் என்பதை எழுதிவைக்கும் ஓப்பன்ஏபிஐ விவரணை சர்வருக்கு இருந்தால், போலித் தரவு அதற்குப் பொருந்துகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் ஒரு சோதனையைச் சேர்க்கலாம். சர்வரின் விவரணை மாறிய அன்றே அது தோற்கும்.

உலாவி மட்டுமே செய்யும் சில காரியங்களை நோடில் சோதிக்கவே முடியாது. வேறொரு தளத்துக்கு ஜேசன் உடலோடு கோரிக்கை அனுப்பினால், உலாவி முதலில் அனுமதி கேட்டு ஒரு முன்கோரிக்கையை அனுப்பும்; சர்வர் உரிய ஹெடரைத் தராவிட்டால் உண்மையான கோரிக்கை புறப்படவே புறப்படாது. நோடின் ஃபெட்ச் இந்த விதியைப் பார்ப்பதில்லை. ஆகவே சிலவற்றையேனும் பிளேரைட் போன்ற கருவியால் உண்மையான உலாவியில் ஓட்ட வேண்டும். அங்கேயும் ‘ரூட்’ அழைப்பால் கோரிக்கைகளை மறித்துப் போலிப் பதில் தரலாம். பக்கத்தில் சர்வீஸ் வொர்க்கர் ஓடிக்கொண்டிருந்தால், அது எடுத்துக்கொள்ளும் கோரிக்கைகள் பிளேரைட்டின் கண்ணில் படாமல் போகலாம். சோதனை அமைப்பில் சர்வீஸ் வொர்க்கர்களைத் தடுத்துவைத்தால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் அனுமதி ஹெடர்களைப் போலியால் சரிபார்க்க முடியாது. அவை சர்வரின் பொறுப்பு. தேடல் ஒன்று, முன்பதிவு ஒன்று என இரண்டே இரண்டு சோதனைகளைப் போலி எதுவும் இல்லாமல், சோதனைக்கென வைத்திருக்கும் உண்மையான சர்வரோடு, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் ஓட்டிவிடுங்கள். அவை மெதுவாக ஓடும், சில நாட்கள் காரணமின்றித் தோற்கவும் தோற்கும்; எண்ணிக்கை இரண்டாகவே இருக்கும்வரை அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.